மகளிர் வாக்குரிமை வந்த வழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

“பெண்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்தவர்கள் யார்?” என்று வகுப்பு நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். இலண்டனில் சன்னல் கண்ணாடிகளை உடைத்துச் சிறை சென்ற பெண்களைப் பற்றி ஒருவர் சொன்னார். அமெரிக்கா என்றார் இன்னொருவர். “சுதந்திரம் வந்ததும் அதுவும் கூடவே வந்தது” என்றார் மூன்றாமவர். அண்மைக் காலம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சுதந்திரத்திற்கு 26 ஆண்டுகள் முன்னரே, 1921இல், நம் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமையைத் தந்துவிட்டது. அதற்காக உழைத்த சங்கம் பிறந்தது அடையாற்றில். அந்த மாகாணச் சட்டசபையில் முதன்முதலில் அமர்ந்த பெண்மணி பிறந்த ஊரோ, காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பேருந்தில் சென்றால் வந்துவிடும் புதுக்கோட்டை.

1917ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவி. டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ் ஆகியோர் அதைத் தொடங்கியவர்கள். அம்மு சுவாமிநாதன் முதலிய நம்மவர்களும் உடன் நின்றனர். இவர்களுள் மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்துக்காரர். பெண்களின் வாக்குரிமைக்காகத் தம் நாட்டுப் பக்கம் சிறை கண்டவர். 1915இல் இந்தியா வந்தவர்.

அதே ஆண்டு டிசம்பரில், அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்த இந்திய மந்திரி மாண்டேகு சென்னையில் தங்கினார். பெண் கல்வி பற்றிப் பேச அவரிடம் நேரம் கேட்டார் கசின்ஸ். அரசியல் விண்ணப்பம் கொண்டு வருவோரை மட்டுமே மந்திரி சந்திப்பார் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலையே கேட்போம் என்று, வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையை எழுதிச் சேர்த்தார்கள். சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற தூதுக்குழு அந்த விண்ணப்பத்தை நேரில் கொடுத்தது. ஒரு நாட்டுப் பெண்களின் பெருங்கோரிக்கை ஓர் அலுவலகக் கடிதத்தின் விதியிலிருந்து கிளம்பியது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

விண்ணப்பம் உடனே பலிக்கவில்லை. வாக்குரிமையை ஆராய்ந்த சௌத்பரோ குழு, இந்தியச் சமூக நிலையில் இதற்குக் காலம் கனியவில்லை என்று கூறிவிட்டது. 1919இல் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், ஹீராபாய் டாட்டா ஆகியோர் இலண்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடினார்கள். நாடாளுமன்றம் தருகிறோம் என்றும் சொல்லவில்லை, தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் தந்துகொள்ளட்டும் என்று பொறுப்பைத் தட்டிக் கழித்தது. இங்குள்ள ஆண்கள் தரவா போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போலும்!

ஆனால் தந்தார்கள். நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னைச் சட்டசபை 1921 ஏப்ரல் 1ஆம் நாள் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. (நாள் அப்படி அமைந்துவிட்டது, முட்டாள்கள் தினக் கேலி அன்று.) பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவது சென்னையே. பம்பாய் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. பிரான்சு நாட்டுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் வாக்கு 1971இல்தான் கிடைத்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அன்று வாக்கு என்பது எல்லோருக்கும் உரியதன்று. நிலவரியோ, நகராட்சி வரியோ, வருமான வரியோ கட்டுபவருக்கே உரியது. ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதி பெண்ணுக்கும் என்றது தீர்மானம். கேட்பதற்குச் சமத்துவம்தான். ஆனால் வரி ரசீது யார் பெயரில் இருந்தது? அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நம் செட்டிநாட்டையே எண்ணிப் பாருங்கள். கொண்டுவிற்கப் போன ஆண்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் ஆண்டுக்கணக்கில் இருக்க, முகப்பும் வளவுமாக விரிந்த வீடுகளைக் கட்டியாண்டவர்கள் ஆச்சிமார்கள். ஆயினும் வீடும் நிலமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில். வீடு வாசல் பெரிதாக இல்லாதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வாக்காளர் பட்டியலில் இடம் பெற்ற பெண்கள் மிகச் சிலரே.

வாக்களிக்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்ற தடை 1926இல் நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்தியாய சொற்ப வாக்குகளில் தோற்றார். நியமன உறுப்பினராக உள்ளே சென்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்லூரி முதல்வர், தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்த மாணவி அவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். சட்டசபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் அங்கே போட்ட அடித்தளம் 1947இல் சட்டமாக முடிந்தது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். இதில் ஒரு விந்தை உண்டு. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம் ஆகையால் 1921ஆம் ஆண்டுத் தீர்மானம் அவர் பிறந்த ஊருக்குச் செல்லாது!

அடுத்து எழுந்த சச்சரவுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. சொத்துள்ள பெண்கள் குறைவு என்பதால், சொத்துள்ளவரின் மனைவிக்கும் வாக்குத் தரலாம் என்ற யோசனை வட்டமேசை மாநாட்டுக் காலத்தில் வந்தது. கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு மேலே கேட்கலாம் என்பது குமாரமங்கலம் ராதாபாய் சுப்பராயன் போன்றோரின் கட்சி. மாதர் சங்கங்களோ ஒன்றுகூடி மறுத்தன. வாக்கு மனைவி என்பதற்காக வேண்டாம், குடிமகள் என்பதற்காக வேண்டும், வயது வந்த அனைவருக்கும் வேண்டும் என்றன. முன்னவர் வாதத்தில் பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் என் மனம் பின்னவர் பக்கமே நிற்கிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியர்க்கும் எழுத்தறிந்த பெண்களுக்கும் வழிவிட்டது. நாடெங்கும் அறுபது இலட்சம் பெண்கள் தகுதி பெற்றனர். சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களுக்கென 8 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அப்போதும் என் அப்பத்தாவைப் பெற்றவருக்கு வாக்கில்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது, அவர் கணவருக்குச் சொத்தும் இல்லை. அண்டையிலிருக்கும் இலங்கையிலோ 1931லேயே வயது வந்த ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்தார்கள்.

அவருக்கும் வாக்கைத் தந்தது 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு. முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கச் சென்றவர்கள் புதிய சிக்கல் ஒன்றைக் கண்டார்கள். வடக்கே பீகார், இராஜஸ்தான் போன்ற பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். “இன்னார் மனைவி”, “இன்னார் தாய்” என்றே சொன்னார்கள். அப்படி எழுதினால் செல்லாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளரில் சுமார் 28 இலட்சம் பேர் பெயர் சொல்லாததால் நீக்கப்பட்டார்கள். கொடுமைதான். ஆனால் அடுத்த தேர்தலில் அவர்களிற் பலர் பெயர் சொல்லிச் சேர்ந்தார்கள்.

சென்ற தேர்தலில் அப்பத்தாவை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் தெருவில் அவருக்குப் “பெரியவன் ஆத்தா” என்றுதான் பெயர். வரிசையில் நின்ற ஒருவர், சீட்டைப் பார்க்க வேண்டி, ஐயாவின் பெயர் என்ன என்று கேட்டார். அப்பத்தா வாய் திறக்காமல் என் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னேன். உள்ளே போனதும் அலுவலர், “உங்க பேரு என்னம்மா?” என்றார். நான் முந்திக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தா என் கையை அழுத்திவிட்டு, தம் முழுப் பெயரையும் தாமே சொன்னார், வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி.