பயோமார்க்கர் என்றால் என்ன?

இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பி.டி.எப். பைலாக நம் மெயிலுக்கே வந்துவிடுகிறது. அதிலுள்ள எண்களுக்கு விளக்கம் தேடி இணையத்தில் நுழைந்தால் பயோமார்க்கர் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அது என்ன என்று பார்ப்போம்.

உடலுக்குள் நடப்பதைக் காட்டும், யார் அளந்தாலும் அளக்கக்கூடிய அடையாளமே பயோமார்க்கர். எங்கள் திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஏறியதும் மூச்சு வாங்குகிறது என்கிறோம். அது நாம் உணர்வது, பயோமார்க்கர் அல்ல. கடிகாரத்தைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணினால், அந்த எண் பயோமார்க்கர்.

ஒரே பயோமார்க்கருக்குப் பல வேலைகள் உண்டு. அமெரிக்காவின் எப்.டி.ஏ.வும் என்.ஐ.ஹெச்.சும் 2016ல் இவற்றை 7 வகையாகப் பிரித்தன. சர்க்கரைக்கான ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைப் பாருங்கள். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கண்டறிய உதவுகிறது. நோய் உள்ளவருக்கு, கடந்த 2, 3 மாதங்களாகச் சர்க்கரை எப்படி இருந்தது என்று கண்காணிக்க உதவுகிறது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. ஆகவே இந்த எண் பல வீடுகளுக்குத் தேவைப்படும்.

ஆனால் அடையாளம் வேறு, நோய் வேறு. என் அம்மாவுக்கு ஹெச்.பி.ஏ.1.சி. 6.6 என்று வந்ததும் வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டோம். டாக்டரோ, பக்கத்திலிருந்த ஹீமோகுளோபின் அளவைக் காட்டினார். அது 9 தான். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை கூடாமலேயே ஹெச்.பி.ஏ.1.சி. கூடலாம். முதலில் அதற்கு மருந்து தந்து, சில மாதம் கழித்துப் பார்த்தபோது 5.8 ஆக இறங்கியிருந்தது.

எனவே எண்களைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து, தேதி, ஆய்வகத்தின் பெயர், ஹெச்.பி.ஏ.1.சி., ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை என 5 நெட்டு வரிசைகள் அமைத்திடுங்கள். தேதியை எல்லா வரிகளிலும் ஒரே முறையில் டைப் செய்யவும். பின்னர் தேதியையும் எண்கள் உள்ள வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பிரிவில் லைன் சார்ட் கிளிக் செய்தால் ஏற்ற இறக்கம் தெரியும். அதனை பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவாக இருக்கட்டும். பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைத்திட மறக்க வேண்டாம்.