சிப்பாய் அளந்த நிலம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, செண்பகத்தோப்பில் மலையடியைத் தொடுகிறது. தோப்பு முடிந்து காடு தொடங்கும் இத்தகைய இடங்களில் எல்லைக்கல்லுக்கு மதிப்பு அதிகம். ஒருபுறம் பட்டா நிலம். மறுபுறம் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். தென்னாட்டில் நிலம் அளக்கும் தொழிலின் கதையைப் பின்தொடர்ந்தால், அன்றும் இன்றும் படையில் பயின்றவர்களைச் சந்திக்கிறோம்.

1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களின்போது, தெற்குச் சீமையின் காடும் மலையும் ஆங்கிலேயக் கும்பினிப் படைக்குப் பிடிபடாத நிலமாக இருந்தன. மறு ஆண்டே, 1802-இல், பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். அவர் காலாட்படை அதிகாரி. அமெரிக்க விடுதலைப் போரில் கைதியானவர். பிறகு நியூ பிரன்ஸ்விக்கில் படைவீடுகளின் பொறுப்பாளராக இருந்துகொண்டே நிலம் அளக்கப் பழகியவர். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பினியிடம் விழுந்த பிறகுதான் அவருக்குப் பெரிய வேலை வாய்த்தது. மைசூரை அளந்த காலின் மெக்கன்சியும் படைப் பொறியாளரே. செண்பகத்தோப்பு மலையின் மறுபக்கமான திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டும் கானரும் லெப்டினன்டுகள். மதுரை, திண்டுக்கல் சீமைகளும் வார்டின் கையால் அளக்கப்பட்டவை.

அன்றைய அளவர் படையை விட்டு வெளியேறவில்லை. சம்பளமும் பதவி உயர்வும் அங்கிருந்தே வந்தன. லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் இறக்கும்போதும் பணியில்தான் இருந்தார். இன்றைய வீரர் சீருடையைக் கழற்றிய பின், முப்பதுகளின் இறுதியிலோ நாற்பதிலோ, இரண்டாம் வாழ்க்கையாக இத்தொழிலுக்கு வருகிறார். தமிழ்நாட்டின் நில அளவர் பணிக்கான கல்வித் தகுதியில் ஐடிஐ சான்றிதழுக்கு மாற்றாகப் பெங்களூரு மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு வழங்கும் 'சர்வேயர்' தொழிற் சான்றிதழும் ஏற்கப்பட்டிருக்கிறது. இருநூறு ஆண்டு உறவு அந்த ஒரு வரியில் மிஞ்சியிருக்கிறது.

லாம்டன் கோணம் அளந்த தியோடலைட் கருவி ஏறக்குறைய அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து செப்பனிட்டார். இன்று செயற்கைக்கோள் வழி இடம் குறிக்கும் டிஜிபிஎஸ் கருவியைத் தோள்பையில் எடுத்துச் செல்லலாம். திறந்த வெளியில் சில நிமிடங்களில் சென்டிமீட்டர் கணக்கில் புள்ளி கிடைக்கிறது. ஆனால் அடர்ந்த மரநிழலில் செயற்கைக்கோளின் குறிப்பு தடுமாறும். அங்கே டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி, தெரிந்த புள்ளியிலிருந்து கோணமும் தூரமும் எடுத்து நகர வேண்டும். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிக் கணக்கு மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சரிபார்க்காத அளவு அளவே அல்ல என்ற அந்தப் பழக்கம் படையில் ஊறியது. பாலமும் கண்ணிவெடிப் பரப்பும் தவறை மன்னிப்பதில்லை.

படை கற்றுத்தராததும் உண்டு. எதிரி நிலத்தை அளப்பவர் யாருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்து அளவரோ, வாய்க்கால் வரப்புக்காக வழக்காடும் இரு பங்காளிகளுக்கு நடுவே நின்று, புலப்படத்தில் இருப்பதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இந்த மாற்றத்தை நான் பெரிய ஆதாயமாக மதிக்கிறேன். அன்றைய வரைபடம் ஆள்பவரின் பெட்டியில் இருந்தது. இன்று தன் புலத்தின் படத்தை ஒரு விவசாயி இணையத்திலேயே எடுத்துக்கொள்கிறார்.

இழப்பும் சிறியதல்ல. படை நடக்க வேண்டுமானால் தண்ணீர் எங்கே, தீவனம் எங்கே, மழைக்காலத்தில் எந்த ஆறு கடக்க முடியாதது என்றெல்லாம் தெரிய வேண்டும். அதனால் வார்டு போன்றோர் படத்தோடு ஒரு நினைவேட்டையும் எழுதினார்கள்: ஊர்கள், பயிர்கள், குளங்கள், கணவாய்கள், மலைவாழ் மக்கள். போருக்காகத் தொடங்கிய அந்தக் கவனம் நாட்டைப் பற்றிய அறிவாக நிலைத்தது. இன்றைய புலப்படத்தில் பெரும்பாலும் கோடுகளும் தூரங்களுமே இருக்கின்றன. அளவர் நடந்து பார்த்ததை எழுத அதில் இடமில்லை.

அந்த எழுத்துக்குத் தேவை இன்னும் தீரவில்லை. செண்பகத்தோப்பில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்காக 2008-இல் வகுத்த விதிகள், உரிமைக்குச் சான்றாகப் பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்றவற்றையும், மூத்தோர் வாய்மொழியை எழுதிய பதிவையும் ஏற்கின்றன. இவற்றைக் காட்டில் தேடிக் குறிக்க, மூத்தவரோடு நடந்து கேட்டு எழுதும் அளவர் வேண்டும். மலையும் சரிவும் பழகி, பார்த்ததை அறிக்கையாக எழுதப் பயின்று ஊர் திரும்பிய ஒரு முன்னாள் படைவீரரால் அதைச் செய்ய முடியும். அந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லி அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.