சீட்டு ஒட்டிய கருவிகள்

'விஷம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய புட்டியைக் கண்டால் கை தானாகவே பின்வாங்குகிறதல்லவா? கம்ப்யூட்டர் உலகிலும் இப்போது சீட்டு ஒட்டுகிறார்கள்!

ஏ.ஐ. என்னும் யந்திர உதவியாளன் பேசுவதோடு நிற்பதில்லை. நம் பைல்களைத் திறக்கிறான், கடிதம் அனுப்புகிறான், அழிக்கவும் செய்கிறான். அவனுக்கு வேண்டிய கருவிகளை இணைப்பதற்கு, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி 'எம்.சி.பி.' என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது. 2025 மார்ச்சில் அதில் சீட்டுகளும் சேர்ந்தன. கருவி படிக்க மட்டுமா? இருப்பதை அழிக்குமா? வெளியுலகத்தோடு தொடர்பு கொள்ளுமா? அதே கட்டளையை இரண்டாம் தரம் கொடுத்தால் காரியம் மறுபடியும் நடந்துவிடுமா? (வாடகைப் பணம் இரண்டு தரம் போய்விட்டால் என்ன செய்வது!)

அழிக்கும் கருவியென்று சீட்டு சொன்னால், நம்மைக் கேட்டுவிட்டே கை வைக்கும்படி உதவியாளனைக் கட்டுப்படுத்தலாம். சீட்டே இல்லாவிட்டால்? அழிக்கக்கூடியது என்றே வைத்துக்கொள்ள வேண்டுமாம். சந்தேகப் பிராணிகள் வகுத்த விதி, எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். சீட்டை எழுதுகிறவர் கருவியைச் செய்தவரேதான்! 'படிக்க மட்டும்' என்று ஒட்டிவிட்டு உள்ளே அழிக்கிற கருவியைச் சீட்டு தடுக்காது. நம்பகமில்லாத இடத்துச் சீட்டை நம்பாதே என்று அந்த விதிப் புத்தகமே சொல்லுகிறது.