கூரையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்!

சென்னையில் பழைய வீடு வாங்கும் பிள்ளைகளும், ஊரில் பணம் புரட்டும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வீட்டுக்கடன் விஷயம்

பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய், அங்கேயே குடும்பம் நடத்துவது இன்று எல்லா கிராமங்களிலும் உண்டு. ஐந்தாறு வருஷம் வாடகை கொடுத்துச் சலித்த பிறகு, 'சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்ப்பா' என்று ஊருக்குப் போன் வரும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் புது அடுக்குமாடி வீட்டின் விலை எட்டாது. முப்பது, நாற்பது வருஷப் பழைய வீடுதான் கைக்குக் கிடைக்கும். முன்பணத்துக்கு ஊரில் இருக்கும் நகையோ நிலமோ கைமாறும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். செய்யாறு பக்கம் மூன்று ஏக்கர் நெல், மணிலா விவசாயம். மகன் தி.நகரில் 35 வருஷப் பழைய கட்டடத்தின் மேல்மாடியில் சின்ன வீடு ஒன்றைப் பார்க்கிறான். விலை 60 லட்சம். மொட்டைமாடி முழுக்க நுரை அடித்து, அதன்மேல் வெள்ளைப் பூச்சு பூசியிருக்கிறார்கள். 'வெயிலே இறங்காது' என்கிறார் புரோக்கர். அப்பா அடுத்தகட்ட நெல் நடவுக்கு வைத்திருந்த பணத்தையும், நகையை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து 5 லட்சம் முன்பணம் கொடுக்கிறார். வெள்ளைத்தாளில் ஒரு ரசீது. அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வருகிறார். மேலே போனால் தளம் தெரியவில்லை, நுரைதான் தெரிகிறது. கீழே வந்து பார்த்தால் கூரையின் ஓரத்தில் ஈரத்திட்டும், கம்பி போகும் கோட்டில் பழுப்புக் கறையும் இருக்கின்றன. 'தளத்தின் நிலையை முழுமையாகப் பார்வையிட முடியவில்லை. கசிவுக்கான அறிகுறி உள்ளது' என்று எழுதிவிட்டுப் போகிறார். கடன் தொகை குறைகிறது, தவணைக் காலமும் குறைகிறது. 'மேல பளபளன்னு இருந்துச்சுப்பா. உள்ள என்ன இருக்குன்னு நாம பார்க்கலையே' என்று அப்பா சொல்வதற்குள் முன்பணம் கைமாறிவிட்டது.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் நடக்கக்கூடியது. வெளிநாட்டில் இதே விஷயம் பெரிய தலைவலியாகவே ஆகியிருக்கிறது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

பாலிலும் காய்கறியிலும் புழங்குபவர்களுக்கு இந்த நுரை புதிதல்ல. பால் குளிரூட்டும் தொட்டியின் இரட்டைச் சுவருக்கு நடுவிலும், குளிர்பதனக் கிடங்கின் 'பஃப்' பலகையிலும் இருப்பது இதே பாலியூரித்தேன் நுரைதான். இரண்டு திரவங்களைத் துப்பாக்கி முனையில் கலந்து அடித்தால், சில நொடிகளில் பொங்கி, ஒட்டி, இறுகிவிடும். வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதில் இது கெட்டிக்காரப் பொருள். அதில் சந்தேகம் இல்லை.

இங்கிலாந்தில் குளிரைத் தடுக்க, ஓட்டுக்கூரையின் உள்பக்கம், மரச்சட்டங்களின் மேலேயே இந்த நுரையை அடித்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று சரியாக வெளியேறாத வீடுகளில் ஈரம் மரத்தில் தங்கியது. மரம் உளுத்துப்போகும் ஆபத்து வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், மரம் நன்றாக இருக்கிறதா, உளுத்துவிட்டதா என்று யாராலும் பார்க்க முடியாமல் போனதுதான். நுரை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பார்க்க முடியாததற்கு அங்குள்ள மதிப்பீட்டாளர்கள் உத்தரவாதம் எழுதவில்லை. அந்த உத்தரவாதம் இல்லாமல் கடன் தரப் பல வங்கிகள் தயங்கின, சில மறுத்தன. முதுமையில் வீட்டை அடமானம் வைத்துப் பணம் பெற நினைத்தவர்களும், விற்க நினைத்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். காசு கொடுத்து அடித்த நுரையை, மறுபடி காசு கொடுத்துச் சுரண்டி எடுக்க வேண்டிய நிலை. 2023இல் அந்நாட்டு மதிப்பீட்டாளர்கள் சங்கம் வீட்டுக்காரர்களுக்காகத் தனி வழிகாட்டியே வெளியிட்டது.

சென்னைக் கூரை வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான்

தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் பழைய வீடுகளில் இரண்டு வகைக் கூரைகள் உண்டு.

முதல் வகை 'மெட்ராஸ் டெரஸ்'. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். தேக்கு உத்திரம், அதன்மேல் மரக்கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிற்கவைத்துக் குறுக்குவாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்து இறுக்கிய தளம், கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். அதனால்தான் அந்த மரம் இத்தனை காலம் தாங்குகிறது. இதன் அடிப்பக்கம் நுரை அடித்தால், இங்கிலாந்தில் நடந்ததேதான் இங்கும் நடக்கும். ஈரம் மரத்தில் தங்கும், கரையான் வந்தாலும் வெளியே தெரியாது. காயாத நெல்லைச் சாக்கில் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது வகை கான்கிரீட் தளம். இதில் உளுக்க மரம் இல்லை. துருப்பிடிக்கக் கம்பி உண்டு. தண்ணீர் ஒரு வெடிப்பில் இறங்கி, நுரைக்கு அடியிலேயே ஓடி, வேறொரு மூலையில் கசியும். துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் அடியிலுள்ள கான்கிரீட் பொரிந்து விழும். அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். நுரையின் மேல்பூச்சு உரிந்துவிட்டால் வெயில் பட்டு நுரையும் மஞ்சளாகிப் பொடியும்.

ஆக, இங்கே வங்கியின் கேள்வி நுரை நல்லதா கெட்டதா என்பதல்ல. 'இந்தக் கூரை எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்?' என்பதுதான். கூரையை மூடி மறைக்கும் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் செய்துவிடும். நுரை, தார்த்தாள், பொய்க்கூரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வங்கி எப்படிக் கணக்குப் போடும்?

மதிப்பீட்டு அறிக்கையில் கட்டடத்தின் வயது, கட்டுமான வகை, இனி நிற்கக்கூடிய ஆண்டுகள் ஆகிய விவரங்கள் இருக்கும். கட்டடத்தின் மீதி ஆயுளைத் தாண்டிக் கடன் தவணை போகாதபடி வங்கிகள் பார்த்துக்கொள்ளும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதே உச்சவரம்பு. இந்த 'மதிப்பு' என்பது விற்பவர் சொல்லும் விலை அல்ல. பேசிய விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதையே வங்கிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும்.

செய்யாறு குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். 60 லட்சத்துக்கு 80 சதவீதம் என்றால் 48 லட்சம் கடன், கையிலிருந்து 12 லட்சம் என்று மகன் போட்ட கணக்கு. மதிப்பீட்டாளர் 48 லட்சம்தான் பெறும் என்று எழுதினால், அதில் 80 சதவீதம் 38 லட்சத்து 40 ஆயிரம். கையிலிருந்து 21 லட்சத்து 60 ஆயிரம் போட வேண்டும். திடீரென்று 9 லட்சத்து 60 ஆயிரம் துண்டு விழுகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் தனி.

தவணைக் காலம் குறைந்தால் இன்னொரு அடி. 8.5 சதவீத வட்டியில் 38 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 33,300 ரூபாய். 10 வருஷம் என்றால் சுமார் 47,600 ரூபாய். மாதம் 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஊரில் இருக்கும் நிலம் அவசர விலைக்குப் போகும்.

வெயிலுக்கு என்ன செய்வது?

2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. மேல்மாடி வீட்டுக்காரர் வெயிலுக்கு வழி தேடுவது நியாயம்தான். முதலில் கசிவையும் வெடிப்பையும் சரிசெய்ய வேண்டும். கம்பி வெளியே தெரிந்தால் துருவைச் சுரண்டி, பொறியாளர் ஆலோசனைப்படி பூசவேண்டும். மழைநீர் தேங்காமல் வாட்டம் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே குளிர்ச்சிக்கான வேலை.

வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட், வெள்ளை ஓடு, கீற்றுப் பந்தல், நிழல்வலை ஆகியவை செலவு குறைந்த வழிகள். பெயின்ட் அடித்த தளத்தில் வெடிப்பு வந்தால் கண்ணில் படும். பந்தலை வேண்டும்போது பிரிக்கலாம். நுரையை அப்படிப் பிரிக்க முடியாது.

அடுக்குமாடியில் மொட்டைமாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. மேல்மாடிக்காரர் சங்கத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே எதையும் செய்தால், விற்கும்போது அதுவும் ஒரு வில்லங்கமாக வரும்.

ஏற்கெனவே நுரை அடித்திருந்தால்?

பயந்து உடனே சுரண்ட வேண்டாம். சுரண்டும்போது தளம் சேதமாகலாம். அடித்த நிறுவனத்தின் பில், பொருள் விவரத்தாள், உத்தரவாதக் கடிதம், அடிப்பதற்கு முன் எடுத்த புகைப்படங்கள் இவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, இரண்டு மூன்று இடத்தில் நுரையை வெட்டி எடுத்துத் தளத்தைப் பார்க்கச் சொல்லி, உறுதிச் சான்று வாங்குங்கள். வங்கி மதிப்பீட்டாளர் வரும்போது அந்தச் சான்றைக் கையில் கொடுத்தால், 'பார்க்க முடியவில்லை' என்ற வரிக்கு இடம் குறையும்.

முன்பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. மழை பெய்த மறுநாள் வீட்டைப் போய்ப் பாருங்கள். கூரை ஓரம், குளியலறை மேல்பகுதி, மின்விசிறிக் கொக்கி ஆகிய மூன்று இடங்களிலும் ஈரம் தெரிகிறதா என்று கவனியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கூரை என்றால் இரண்டு மடங்கு கவனம்.

2. உங்கள் செலவில் ஒரு பொறியாளரை அழைத்துச் செல்லுங்கள். சில ஆயிரம் செலவு, சில லட்சம் மிச்சம்.

3. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், திட்ட அனுமதி, மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு இவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பழைய கட்டடத்தில் விலையின் பெரும்பகுதி மனைக்குத்தான்.

4. மயிலாப்பூர் பகுதியில் கோயில் மனை உண்டு. அது கோயில் இடமா என்று கட்டாயம் விசாரியுங்கள். மனை விற்பவருடையதாக இல்லாவிட்டால் கடன் கிடைப்பது கடினம்.

5. கட்டட நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்தச் சான்று கையில் இருக்காது. அதற்குப் பதில் என்ன ஆவணம் ஏற்கும் என்று வங்கியிடமே முதலில் கேளுங்கள்.

6. வெள்ளைத்தாள் ரசீது போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். அதில், 'பத்திரத்திலோ கட்டடத்திலோ உள்ள குறையால் வங்கிக்கடன் மறுக்கப்பட்டாலோ குறைந்தாலோ முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும்' என்ற வரி இருக்கட்டும். அந்த வரிக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஏன் என்று யோசியுங்கள்.

7. முன்பணத்துக்கு முன்பே வங்கி மதிப்பீட்டை முடித்துக்கொள்ள முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒழுங்கான வீட்டை வைத்திருப்பவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

பயிர்க்கடனைத் தொடாதீர்கள்

கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. அந்தப் பணத்தை மகனின் முன்பணத்துக்குத் திருப்பிவிட்டு, அது சென்னையில் முடங்கிக்கொண்டால், நடவுக்கும் பணம் இருக்காது, கெடுவும் தவறும், வட்டியும் ஏறும். அடுத்த பருவத்துக்குச் சங்கத்தில் கடன் கேட்கும் வாய்ப்பும் போகும். நகைக்கடனும் அப்படித்தான், மீட்கும் தேதியை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குள் வரக்கூடிய வருமானம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

மகனுக்கு உதவ வேண்டாம் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்ல முடியாது. உதவும் முன் ஒரு நாள் சென்னைக்குப் பஸ் ஏறுங்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நிலம் வாங்கப் போனால் மண்ணைக் கிள்ளிப் பார்க்கிறோம். வீட்டுக்கும் அதே வழக்கம்தான். மாடிப்படி ஏறி, கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு மடியை அவிழுங்கள்.