இரட்டைப் படகுக்கு ஏற்ற வலை

ஒடுங்கிய இரண்டு படகுகளைக் குறுக்கு உத்தரங்களால் பிணைத்துக் கட்டப்படும் கேட்டமரானில், முன்பகுதி இடைவெளியைப் பலகையால் மூடாமல், டிராம்போலின் எனப்படும் வலையை அங்கே இழுத்துக் கட்டுவதே வழக்கம். பலகைத் தளமாக இருந்தால் கீழிருந்து அறையும் அலையின் விசை முழுவதும் உத்தரங்களில் இறங்கும், மேலேறிய நீரும் சட்டென வடியாமல் படகின் முகப்பை அழுத்தும். வலையோ நீரைக் கண்ணிகளின் வழியே விட்டுவிடுவதோடு, பாய்களைக் கையாள்வோர் நின்று வேலை செய்யவும் இடம் தருகிறது.

இத்தகைய படகுகளைச் சாமானியரும் தம் கைகளாலேயே கட்டலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாரம். அவர் 1954இல் கட்டிய, ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள டாங்கரோவா, 1955-56இல் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாடை அடைந்தது. அவருடைய வரைபடங்களை வாங்கி ஒட்டுப்பலகையும் எப்பாக்ஸிப் பசையும் கொண்டு படகு கட்டுவோருக்கு, அளவெடுத்துத் தைத்துத் தரப்படும் வலையின் விலை பெருஞ்சுமையாக இருப்பதால், மீன்பிடி வலை விற்கும் கடைகளை அவர்கள் நாடுவது இயல்பே.

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது இழையின் தன்மை. நைலான் வலுவானது என்றாலும் நீரை உறிஞ்சி நீள்வதால், காலையில் விறைப்பாகக் கட்டிய வலை அலையில் நனைந்தபின் தொய்ந்துவிடும். பாலிபுரோப்பிலின் மலிவானது, ஆனால் வெயிலைத் தாங்கும் பொருள் சேர்க்கப்படாவிட்டால் புறஊதாக் கதிர்களால் விரைவில் நொறுங்கும். மிகக் குறைவாக நீளும் டைனிமாவோ விலையில் எட்டாக்கனி. ஆகவே, அதிகம் நீளாததும் வெயிலுக்கு ஓரளவு ஈடுகொடுப்பதுமான பாலியெஸ்டர் இழையில், முடிச்சில்லாமல் பின்னப்பட்ட வலையே சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் பொருந்திய தேர்வு. முடிச்சுகள் வெறுங்காலை உறுத்துவதோடு, உராய்ந்து முதலில் தேய்வதும் அவைதாம். கண்ணி ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் கால் சிக்காது. மிக நுண்ணியதாக இருந்தால் நீர் வடியத் தாமதமாகும். தோட்டங்களில் கட்டப்படும் நிழல்வலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆள் நிற்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

வலையைவிடப் பெரிய சோதனைக்கு உள்ளாவது அதன் விளிம்பு. இரு முனைகளில் இழுத்துக் கட்டிய கயிற்றின் நடுவே 80 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்க, அது கிடைமட்டத்திலிருந்து 10 பாகை மட்டுமே சரிந்தால், ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 230 கிலோ எடைக்கு நிகரான இழுவிசை உண்டாகிறது; சரிவு 5 பாகையானால் அது 460 கிலோவை எட்டுகிறது. வலையில் இவ்விசை பல இழைகளுக்குப் பகிரப்படுகிறது எனினும், அளவுமீறி விறைப்பாகக் கட்டுவது வலிமை ஆகாது என்பது இதிலிருந்து விளங்கும். விளிம்பின் கண்ணிகள்தோறும் தடித்த பாலியெஸ்டர் கயிற்றைக் கோத்து, அக்கயிற்றையும் கண்ணிகளையும் சேர்த்தே மெல்லிய கயிற்றால் உத்தரத்தோடு பிணைக்க வேண்டும். அந்தப் பிணைப்பும் ஒரே நீளக் கயிறாக ஓடினால் ஓரிடத்தில் அறுந்ததும் பக்கம் முழுவதும் அவிழும் என்பதால், பக்கத்துக்கு மூன்று நான்கு துண்டுகளாகப் பிரித்துக் கட்டுவது இன்றியமையாதது.

பழைய வலை வாங்குவோர் ஓர் இழையை நகத்தால் கீறிப் பார்த்து, தூள் உதிர்ந்தால் விலை எதுவாயினும் விட்டுவிடுவதே நல்லது. புதிதாகக் கட்டிய வலையிலும், துறைமுகத்தில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்த பின்னரே ஆட்கள் ஏற வேண்டும்.