கடவுச்சொல்லை மாற்றலாம், கையசைவை மாற்ற முடியுமா?

வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா என்று பேச்சு வந்தால், படம் எவ்வளவு தெளிவு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், தலை சுற்றுமா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தரங்கத்தைப் பற்றிக் கேட்டால், "கேம்தானே ஆடுகிறோம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?" என்பார்கள். கொஞ்சம் கவனமானவர்கள், புனைபெயரில்தான் அக்கவுன்ட் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். இரண்டு பதிலும் போதாது. நீங்கள் தட்டச்சு செய்து தரும் விவரங்களோடு, உங்கள் உடல் அசையும் விதத்தையும் ஹெட்செட் பதிவு செய்கிறது. அந்த அசைவை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

முதலில் ஒரு கணக்கு. தலையில் ஹெட்செட், இரண்டு கைகளிலும் கன்ட்ரோலர். இந்த மூன்றும் ஒவ்வொரு கணத்திலும் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதற்கு மும்மூன்று எண்கள், எந்தப் பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கின்றன என்பதற்கு மும்மூன்று எண்கள், மொத்தம் 18. நொடிக்கு 90 முறை பதிவானால் 1,620 எண்கள். 20 நிமிடம் ஆடி முடித்தால் 19,44,000. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறையைப் பல ஆண்டுகளாக ஆராயும் ஜெரமி பெய்லன்சன், 20 நிமிட வி.ஆர். அனுபவம் ஏறத்தாழ 20 லட்சம் உடலசைவுப் பதிவுகளை விட்டுச் செல்கிறது என்று 2018இலேயே எழுதினார்.

செல்போனில் லொகேஷனை அணைத்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. நீங்கள் தலையைத் திருப்பும்போது காட்சியும் திரும்ப வேண்டுமானால், தலை திரும்பியதைக் கருவி அறிந்தே ஆக வேண்டும். அசைவுத் தரவைத் தர மறுத்தால் விளையாட்டே கிடையாது.

அந்தத் தரவு எவ்வளவு பேசும்? 2020இல் பெய்லன்சன் குழு 511 பேருக்கு 360 பாகை வீடியோக்களைக் காட்டியது. அவர்கள் செய்ததெல்லாம் பார்த்ததும், பார்த்ததைப் பற்றிச் சில கேள்விகளுக்கு விடை சொன்னதும்தான். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவைக் கொண்டு, இது இன்னார் என்று 95 சதவீதம் சரியாகக் கணிக்க முடிந்தது.

500 பேரில் ஒருவரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா என்று கேட்கலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அதற்குப் பதில் தந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 'பீட் சேபர்' என்ற புகழ்பெற்ற விளையாட்டு. தாளத்துக்கு ஏற்ப எதிரே பறந்துவரும் கட்டைகளை இரண்டு ஒளிவாள்களால் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலில் இடம்பிடிக்க விரும்புகிறவர்களின் ஆட்டங்கள், அசைவுகளோடு சேர்த்துப் பொதுவெளியில் பதிவேறியிருந்தன. 55,541 பேரின் பதிவுகளை ஆய்வாளர்கள் திரட்டினார்கள். ஒவ்வொருவரின் ஐந்து நிமிட ஆட்டத்தைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். பிறகு 100 நொடி அசைவைக் காட்டியபோது, அத்தனை பேரிலிருந்தும் சரியான ஆளை 94.33 சதவீதம் கண்டுபிடித்தது. பத்தே நொடி காட்டியபோதும் 73.2 சதவீதம்.

தெருக்கோடியில் வருகிறவரின் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோமே, கணினி செய்வதும் ஏறக்குறைய அதுதான். உயரமும் கையின் நீளமும் வீசும் வேகமும் ஒன்றுசேர்ந்து ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

இந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பதிவுகளும் ஒரே விளையாட்டைச் சேர்ந்தவை. ஒருவரின் பழைய பதிவு கையில் இருந்தால்தான் புதிய பதிவை அதோடு பொருத்த முடியும். ஆனால் அந்தப் பழைய பதிவு எங்கேனும் உண்மைப் பெயரோடு இருந்துவிட்டால், பிறகு எத்தனை புனைபெயர் வைத்தும் பயனில்லை.

அடையாளத்தோடு விஷயம் முடியவில்லை. அதே பெர்க்லி ஆய்வாளர்கள், பூட்டிய அறைகளிலிருந்து புதிர்களை விடுவித்துத் தப்பிக்கும் சாதாரண விளையாட்டைப் போல ஒன்றை வடிவமைத்தார்கள். புதிர்களுக்குள்ளேயே பரிசோதனைகள் ஒளிந்திருந்தன. ஆடுகிறவரின் உயரம், கைவீச்சு, பார்வைத் திறன், நிறக்குருடு உண்டா, எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறார் என 25க்கும் மேற்பட்ட விவரங்களைச் சில நிமிடங்களில் எடுத்துவிட முடிந்தது. ஆடியவருக்கு அது வெறும் விளையாட்டு. கேட்டிருந்தால் சொல்ல மறுத்திருக்கக்கூடிய விவரங்கள், கேட்காமலே கிடைத்துவிட்டன.

கண்ணசைவைப் பின்தொடரும் ஹெட்செட்கள் வந்தபின் பதிவு இன்னும் நுட்பமாகிவிட்டது. தன் விஷன் புரோ ஹெட்செட்டில், நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதை ஆப்களுக்குத் தருவதில்லை என்று ஆப்பிள் நிறுவனம் தடுப்புச் சுவர் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. அப்படியிருந்தும், வீடியோ அழைப்பில் தெரியும் டிஜிட்டல் உருவத்தின் கண்களைப் பார்த்தே, அழைப்பில் இருப்பவர் பார்வையால் தட்டும் எழுத்துகளை ஊகிக்க முடியும் என்று 2024இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. கவனமாகக் கட்டிய சுவரிலேயே ஓட்டை இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

"நிறுவனம் வாக்குக் கொடுத்திருக்கிறதே" என்று நம்புகிறவர்கள் வி.ஆர். ஹெட்செட் நிறுவனமான ஆக்குலஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014இல் ஃபேஸ்புக் அதைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. ஹெட்செட்டைப் பயன்படுத்த ஃபேஸ்புக்கில் நுழைய வேண்டியிராது என்று ஆக்குலஸ் நிறுவனர் அப்போது உறுதியளித்தார். 2020 அக்டோபரிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு ஃபேஸ்புக் அக்கவுன்ட் கட்டாயமானது. அந்த அக்கவுன்டை அழித்தால் காசு கொடுத்து வாங்கிய கேம்களும் போய்விடும் என்ற நிலை. ஜெர்மனியில் விற்பனை நின்றது. அந்நாட்டின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு டிசம்பரில் விசாரணையைத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில்தான், மெட்டா என்று பெயர் மாறியிருந்த அந்நிறுவனத்திடமிருந்து, ஃபேஸ்புக் இல்லாமலே தொடங்கக்கூடிய மெட்டா அக்கவுன்ட் வந்தது. வாங்கும் நாளில் உள்ள நிபந்தனை வைத்திருக்கும் காலம் முழுக்க நிலைக்காது என்பதற்கும், கேள்வி கேட்கும் அரசு அமைப்பு இருந்தால் மாற்றம் வரும் என்பதற்கும் இதுவே சான்று.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவே என்கிறது சட்டம். அப்படியானால் அசைவுப் பதிவும் அதில் அடங்க வேண்டும். ஆனால் 2019 மசோதாவில் உயிரளவைத் தரவு போன்றவற்றுக்கு இருந்த தனிப் பாதுகாப்புப் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை, அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்று சட்டம் சொல்வது ஆறுதல். மெட்டாவோ 2023இல், பெற்றோர் மேற்பார்வையில் பத்து வயதுப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம் என்று வயது வரம்பை 13இலிருந்து இறக்கிவிட்டது.

இதற்காக ஹெட்செட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சமூக ஊடகக் கணக்கோடு அதை இணைக்காதீர்கள். அறையின் அமைப்பையும் மைக்கையும் கேட்கும் ஆப்புக்குத் தேவை இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள். ஆட்டப் பதிவுகளைப் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். டிஜிட்டல் உருவத்தைக் காட்டும் வீடியோ அழைப்பில் இருக்கும்போது கடவுச்சொல்லைக் கண்ணால் தட்டாதீர்கள். யார் செய்தார்கள் என்றே தெரியாத இலவசக் கேம்களைப் பிள்ளைகளுக்கு ஏற்றித் தராதீர்கள்.

இவை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. திருடுபோன கடவுச்சொல்லை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். உயரத்தையும் கைவீச்சையும் மாற்றிக்கொள்ள யாராலும் முடியாது. ஆகவே அசைவுப் பதிவைக் கைரேகைக்கு நிகராகச் சட்டம் நடத்த வேண்டும்: விளையாட்டு ஓடுவதற்குத் தேவையான நேரத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது, பிறருக்குத் தரக் கூடாது, விளம்பரத்துக்குத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் எழுத்தில் தராத நிறுவனத்தின் ஹெட்செட்டை, விலை எவ்வளவு இறங்கினாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.