‘கம்ரி’ என்னும் பெயர்

வேல்ஸ் என்று நாம் பூகோளப் புஸ்தகங்களில் படித்திருக்கும் தேசத்தை அத்தேசத்தார் தம் பாஷையில் அப்பெயரால் வழங்குவதில்லை. ‘கம்ரி’ என்றே வழங்குகின்றனர். தேசத்துக்கும் அதுவே பெயர், ஜனங்களுக்கும் அதுவே. எழுதும்போது கடைசி எழுத்து மட்டும் வேறுபடும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அவ்வெழுத்து வித்தியாசமும் பிற்காலத்தில் நிலைத்ததேயாம்.

இதன் மூலம் பழைய பிரித்தானிய பாஷையிலுள்ள ‘கொம்ப்ரோகி’ என்பது பாஷா சாஸ்திரிகளின் முடிவு. ‘கொம்’ என்றால் கூட. ‘ப்ரோக்’ என்றால் எல்லை, எல்லைக்குட்பட்ட நாடு. இன்றைய வெல்ஷ் பாஷையிலும் ‘ப்ரோ’ என்பது பிரதேசத்தைக் குறிக்கும். ஆகவே ஒரே எல்லைக்குள் கூடி வாழும் நம் நாட்டார் என்பதே கம்ரியின் பொருள். பழைய கால் தேசத்தில் ரோமருடன் போர் புரிந்த அல்லோப்ரோகர் என்ற ஜாதியாரின் பெயரிலும் இவ்வேரே உண்டு; அங்கே பொருள் வேற்று நாட்டார் என்பது. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பர்லாந்து என்னும் பெயரும் கம்ரியின் கிளையே. ஒரு காலத்தில் அப்பிரதேசமும் இவர்களுடையதாயிருந்தது.

‘வெல்ஷ்’ என்பதோ பிறர் இட்ட பெயர். ரோமர் ஆட்சி நீங்கிய பின் கடல் கடந்து வந்து குடியேறிய ஸாக்ஸானியர், ஏற்கெனவே அத்தீவில் இருந்தவர்களை ‘வெயல்ஹ்’, அதாவது அந்நியர், என்றார்கள். வந்தவன் வீட்டுக்காரனை அந்நியன் என்றான்! போகப்போக அச்சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் ஏற்பட்டது. வால்நட் என்னும் கொட்டையின் பெயரிலுள்ள ‘வால்’ இதுவே. அந்நிய நாட்டுக் கொட்டை என்று அர்த்தம்.

பெயரளவில் நின்றிருந்தால் பாதகமில்லை. 1536ல் எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் வேல்ஸ் கோர்ட்டுகளின் நடவடிக்கை இங்கிலீஷிலேயே நடைபெற வேண்டுமென்றும், இங்கிலீஷைக் கையாளாதவர் உத்தியோகம் வகிக்கலாகாதென்றும் விதித்தது. தன் பாஷையில் வழக்குரைக்கக் கட்சிக்காரனுக்கு உரிமையில்லையேல் அவன் அந்நியனன்றி வேறென்ன? 1942ல் வந்த சட்டமும், இங்கிலீஷில் பேசுவதால் தனக்குப் பாதகம் நேரும் என்றிருப்பவனுக்கே வெல்ஷில் பேச இடங்கொடுத்தது. விரும்பியவரெல்லாம் கோர்ட்டில் தம் பாஷையில் பேசலாமென்று 1967ல்தான் ஏற்பட்டது. அதற்குள் 431 வருஷங்கள் கழிந்துவிட்டன.

2011ல் அப்பாஷைக்கு அந்நாட்டில் ராஜாங்க அந்தஸ்து உறுதிசெய்யப்பட்டது. 2021ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அதைப் பேசக்கூடியவர் சுமார் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெண்மருக்குச் சற்றுக் குறைவு. கார்டிஃப் நகரில் கூடும் அவர்களுடைய சட்டசபைக்கு 2020ல் ‘செனெத் கம்ரி’ என்று சட்டப்படி பெயர் சூட்டப்பட்டது. அதே சட்டம் அளித்த இங்கிலீஷ் பெயர் ‘வெல்ஷ் பார்லிமெண்ட்’.